தீவில் ராஜாங்கம் கட்டின வீடு

வாங்க சார், கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே ஏறுங்க, படி கொஞ்சம் செங்குத்து. இடம் மிச்சமாகட்டும்னு நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். இந்த வீட்டுல ஒரு செங்கல்கூட என் கண்ணு படாம வச்சது கிடையாது. முப்பத்தொரு வருஷம் ஓவர்சியரா இருந்தவன் சொந்த வீட்ட எப்படிக் கட்டியிருப்பான், நீங்களே பாருங்க. செவுத்தத் தட்டிப் பாருங்க. சும்மா தட்டுங்க சார். கேட்டுச்சா? கல்லு.

இதான் ரூம். பாத்ரூம் உள்ளயே இருக்கு. அந்த மூலைல சமையலுக்கு ஒரு மேடை போட்டுத் தந்துருவேன். ஜன்னலுக்கு ரெண்டு கிரில், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி எங்கிட்ட இருக்கும். உங்க வீட்டம்மா துணி காயப்போடணும்னா ஒரு குரல் கொடுத்தாப் போதும், நானே வந்து திறந்துவிடுவேன். வாசக் கேட்டும் அப்படித்தான். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.

அதுவா? கம்ப்யூட்டர். எம்மகன் செழியனோடது. நீங்க சாமான் கொண்டுவர்றதுக்குள்ள எடுத்துருவேன். ஹெட்போன் அவனோடது இல்ல, என்னுது. ஆமா சார், என்னுதுதான். இந்தச் சேர்ல உக்காந்து நான் கேம் ஆடுனேன். தைலருந்து சித்திரை வரைக்கும், அறுபத்தொரு வயசுல. சிரிங்க, பரவால்ல. என் தங்கச்சி மகன் பாலமுரளியும் இப்படித்தான் சிரிச்சான். அப்புறம் சிரிக்கல.

வெயில் தாழட்டும், உக்காருங்க. கீழ போயி அட்வான்ஸ் பேசுறதுக்கு முன்னாடி, இந்த ரூம் ஏன் காலியா இருக்குன்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும்ல.

செழியன் எனக்கு ஒரே புள்ள. கனடாவுக்குப் படிக்கப் போனான். போன மறுமாசம் எங்க வீட்ல, கமலவேணிக்கு, வயித்துல கட்டின்னு தெரிஞ்சுது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு. ரொம்ப முத்திருச்சுன்னாரு. நான் வெளிய வந்ததும் முடிவு பண்ணிட்டேன். புள்ளைக்குச் சொல்லக் கூடாது. இப்பத்தான் போயிருக்கான், படிக்கணும், பரீட்சை இருக்கு. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிவருவான். ஓடிவந்து என்ன பண்ணுவான், அவன் என்ன டாக்டரா? அவ போனையும் நான் வாங்கி வச்சுக்கிட்டேன். அவ பேசுனா அழுதுருவா, அழுதா அவன் கண்டுபிடிச்சுருவான். அதனால ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான் பேசுவேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கா, அம்மா தூங்குறா, அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கா. எல்லாம் நல்லாருக்கு, நீ உன் வேலையப் பாரு. ஏழு மாசம் சார். ஒரு நாள்கூட என் குரல் நடுங்கல.

ஐப்பசில அவ போயிட்டா. போன பிறகுதான் அவனுக்குச் சொன்னேன். ஐஸ் பெட்டில ரெண்டு நாள் வச்சா புள்ள வந்து முகம் பாத்துருவான்னு என் தங்கச்சி கால்ல விழாத குறையாக் கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். அந்தக் கோலத்துல தாயப் பாத்தா அவன் தாங்க மாட்டான். நல்லா இருந்த முகமே அவன் மனசுல இருக்கட்டும். நீங்களே சொல்லுங்க, அது தப்பா?

மூணாம் நாள் வந்தான். பால் ஊத்துற அன்னைக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அவ சேலை ஒண்ண எடுத்துப் பையில வச்சுக்கிட்டு அஞ்சாம் நாள் கிளம்பிட்டான். அதுக்கப்புறம் போன் எடுக்கல. நம்பரையே பிளாக் பண்ணி வச்சுட்டான்னு பாலமுரளி பாத்துச் சொன்னான். பெத்தவன் நம்பர சார். பிளாக் பண்ணி வச்சுட்டான்.

தை பிறந்து ஒரு நாள், பாலமுரளி கரும்பு வெட்டிக்கிட்டே வாய் தவறிச் சொல்லிட்டான். "மாமா, நீங்க கவலைப்படாதீங்க, அவன் நல்லாத்தான் இருக்கான். காலேஜ், பார்ட்-டைம் வேலைன்னு போயிட்டு வந்து தினம் கேம் ஆடுறான்"னு. என்ன கேம்னு கேட்டேன். ஒரு தீவாம். உலகத்துல எங்கெங்கயோ இருக்கவங்க ஒரே தீவுல இறங்கி, மரம் வெட்டி, கல் உடைச்சு, வீடு கட்டிப் பொழைக்கணுமாம். வீடு கட்டணுமான்னு கேட்டேன். ஆமா மாமா, வீடு கட்டுறதுதான் அதுல பெரிய வேலைன்னான்.

அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு.

பாலமுரளி மாட்டேன்னுதான் சொன்னான். "மாமா, அவனுக்குத் தெரிஞ்சா எங்கூடவும் பேச மாட்டான்"னான். நான் விடல. செழியன் விட்டுட்டுப்போன இந்தக் கம்ப்யூட்டர்லயே, அவன் ஆடுற அதே தீவுல இறங்குற மாதிரி போட்டுக்கொடுத்தான். பேர் என்ன வைக்கன்னு கேட்டான். எங்கிட்ட வேலை பாத்த கொத்தனார் ராஜாங்கம் ஞாபகத்துக்கு வந்தாரு, அந்தப் பேரையே வையின்னேன். குரல் கேட்டா அவன் கண்டுபிடிச்சுருவான். அதனால மைக் ரிப்பேர்னு சொல்லிருங்க மாமா, டைப் மட்டும் பண்ணுங்கன்னு பாலமுரளியே வழி சொன்னான். அத்தோட அவன் கை கழுவிக்கிட்டான்.

அங்க கனடாவுல அவன் வேலை முடிஞ்சு வந்து உக்கார்ற நேரம், இங்க எனக்கு விடியக்காலம் அஞ்சரை. நான் எப்பவும் அஞ்சுக்கு எந்திரிக்கிற ஆளு. காபியப் போட்டுக்கிட்டு மேல வந்துருவேன்.

முத நாள் கடற்கரைல கண்ணு முழிச்சேன். இடுப்புல ஒரு துணி, கைல ஒரு கல்லு. அவ்ளோதான் குடுப்பாங்க. அந்தக் கல்லால மரத்த அடிச்சா விறகு வரும், பாறைய அடிச்சா கல்லு வரும். விறகும் கல்லும் சேத்தா ஒரு கோடாலி. எனக்கு நடக்கவே தெரியல சார், வானத்தப் பாத்துக்கிட்டே கடலுக்குள்ள போயிட்டேன். ஒருதரம் குளிர்ல செத்தேன், ஒருதரம் காட்டுப்பன்னி முட்டிச் செத்தேன். கோடாலி செஞ்சு முடிச்ச சந்தோஷத்துல நின்னப்ப ஒருத்தன் வந்து அம்பு விட்டுட்டு அதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். செத்தா மறுபடியும் கடற்கரை, மறுபடியும் அதே கல்லு. பதினொரு தரம் செத்தேன். வைராக்கியம் சார். அரசாங்க உத்தியோகத்துல அதவிடவா சாவடிச்சிருக்காங்க.

நாலாம் நாள், குச்சியக் கட்டி ஒரு குடிசை போட்டுக்கிட்டு இருக்கேன், ஹெட்போன்ல அவன் குரல்.

"அண்ணே, அந்த இடத்துல கட்டாதீங்க. எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருக்கு, உடைச்சுருவாங்க."

மூணு மாசங் கழிச்சு எம்மகன் குரல் சார். அண்ணேங்கிறான். ஒரு நிமிஷம் ஆச்சு, 'மைக் ரிப்பேர்'னு அடிக்கிறதுக்கு.

"பரவால்லண்ணே. எங்க மேட்டுக்கு வாங்க, ரெண்டு பேர்தான் இருக்கோம்"னான்.

இன்னொருத்தன் ஜெரால்டு. தூத்துக்குடிக்காரன், தோஹாவுல வேலை. அவன் என்னை அண்ணாச்சிம்பான். அவங்க வீடுன்னு சொன்னது ஒரு மரப் பொட்டி சார், அஸ்திவாரம் ஒரு சதுரம், மேல ஒரு சதுரம், ஒரே கதவு. கதவத் திறந்தா நேரா சாமான் வச்சிருக்கிற இடம். எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. நான் பெத்த புள்ள இப்படியா வீடு கட்டுவான்?

மறுநாள்லருந்து நான் இறங்கிட்டேன். அவங்க சண்டைக்கும் வேட்டைக்கும் போவாங்க, நான் பகல் பூராக் கல் உடைப்பேன். முதல்ல மரச் செவுத்தக் கல்லுக்கு மாத்துனேன். மரம்னா எவனும் தீ வச்சுருவான். அப்புறம் வாசலுக்கு உள்ள இன்னொரு வாசல் வச்சேன், முத கதவச் சாத்துனாத்தான் ரெண்டாவதத் திறக்கணும், அப்பத்தான் எவனும் பின்னாடியே நுழைய முடியாது. ஜெரால்டுக்கு அது பெரிய அதிசயம். "அண்ணாச்சி நெசமாவே கொத்தனார்தானா?"ன்னு கேட்டான். வேலை செய்யிற மேசைன்னு ஒண்ணு இருக்கு. அது இருந்தாத்தான் நல்ல ஆயுதம், நல்ல கதவெல்லாம் செய்ய முடியும். அதுக்கு இரும்பு வேணும். இரும்புக்கு உலை வேணும், உலைக்குக் கல்லும் எண்ணெயும் வேணும். ஒண்ணு இல்லாம ஒண்ணு நடக்காது. கட்டட வேலையேதான் சார். செங்கல் வராம மேஸ்திரி வந்து என்ன பிரயோசனம்? பத்து நாள்ல உலை எரிஞ்சுது. இருபது நாள்ல இரும்புக் கதவு. படுக்குறதுக்கு நடு ரூம், ஜன்னலே கிடையாது. அதுலதான் செழியன் தூங்குற பைய விரிச்சுப் படுப்பான்.

பட்டாப் பெட்டின்னு ஒண்ணு உண்டு. அவங்க வேற பேர் சொல்லுவாங்க, நான் அப்படித்தான் சொல்லுவேன். அந்தப் பெட்டி எவன் பேர்ல இருக்கோ அவன்தான் அந்த இடத்துல கட்டலாம், இடிக்கலாம். அதுல தினம் கல்லும் விறகும் போட்டுக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி வீடு தானா உளுத்துக் கொட்டிரும். மூணு பேர் பேரும் அதுல இருந்துச்சு. பொறுப்பு பூரா என்னுதா ஆயிருச்சு. கதவுப் பூட்டுக்கு நம்பர் போடணும்ல, அதையும் நான்தான் போட்டேன். சாமான் ரூம் நம்பர அவங்களுக்குச் சொல்லல. எதாவது வேணும்னா கேளுங்க, எடுத்துத் தர்றேன்னேன். சின்னப் பசங்க, அங்கங்க உளறிவச்சுருவாங்க. ஜெரால்டு ஒருதரம் முணுமுணுத்தான். செழியன் சொன்னான், "விடு மச்சான், அவர் இல்லாட்டி நாம இன்னும் குச்சிக் குடிசைல இருந்திருப்போம்"னு. கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்த வீடு கட்டி இருபத்தெட்டு வருஷம் ஆகுது, ஒருநாள் அவன் வாயால நல்லா கட்டியிருக்கீங்கப்பான்னு சொன்னதில்ல.

நல்லா இருந்தோம் சார். அந்த ரெண்டு மாசம் நான் நல்லா இருந்தேன். சாப்பாடுகூட ருசியா இருந்துச்சு.

பங்குனில ஒரு நாள். உலைல இரும்பு உருகிக்கிட்டு இருக்கு, அவங்க ரெண்டு பேரும் தீ மூட்டிக் கறி சுட்டுக்கிட்டுப் பேசுறாங்க. நான் வெளிச் செவுத்துக்கு இரும்புத் தகடு அடிச்சுக்கிட்டு இருந்தேன். ஜெரால்டு சொல்றான், "ஈஸ்டருக்கு ஊருக்குப் போறேம்ல. அம்மைக்கு மூட்டுவலி, பாக்கணும். நீ எப்ப போற?"ன்னு.

செழியன் சொன்னான். "எங்கம்மா செத்துட்டாங்கடா. கேன்சர். ஆறு மாசம் படுத்திருந்திருக்காங்க. எங்கப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல. வாராவாரம் போன் பண்ணுவேன், அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்கம்பாரு. நானும் நம்பிக்கிட்டு, புதுசா வாங்குன ஸ்வெட்டரப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். எரிச்ச பிறகு வந்து நின்னேன்டா, சாம்பலத்தான் பாத்தேன்."

"ஏம்ல சொல்லல?"

"என் நல்லதுக்காம்."

ஆறு மாசம்னு அவன் சொன்னது தப்பு சார். ஏழு மாசம். மத்தபடி அவன் சொன்னதெல்லாம் சரிதான். ஜெரால்டு என்னைப் பாத்து, "கேட்டீங்களா அண்ணாச்சி"ன்னான். என்ன அடிக்கச் சொல்றீங்க? நான் பாட்டுக்கு அந்தச் செவுத்த முடிச்சுட்டு அடுத்த செவுத்துக்குப் போனேன். அன்னைக்கு மட்டும் நாலு பக்கமும் தகடு அடிச்சு முடிச்சுட்டேன். அவ்வளவு வேலை ஒரே நாள்ல அதுக்கு முந்தி நான் செஞ்சதே இல்ல.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். செழியனுக்கு ஒரு பெரிய கம்பெனில இன்டர்வியூ. மறுநாள் காலைலன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டான். ஜெரால்டு ஊருக்குப் போயிருந்தான். எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு உண்டு, எவனாவது வீட்ட உடைக்க வந்தா போன்ல அந்த விளையாட்டுக்குன்னே இருக்கிற குரூப்புல, அதுல நம்பர் தெரியாது, தீவுப் பேர்தான் தெரியும், ஒரு வார்த்தை போட்டாப் போதும், எந்த நேரமா இருந்தாலும் எந்திரிச்சு வந்துரணும். வீடு போனா எல்லாருக்கும் போச்சுல்ல.

மத்தியானம் ஒரு மணி இங்க. நாலு பேர் வந்தாங்க. வெடி வச்சாங்க. நான் உள்ள இருந்தேன், ஒத்தையா. போன் பக்கத்துலதான் இருக்கு. ஒரு வார்த்தை போட்டா அவன் வந்திருப்பான். ஆனா அங்க அவனுக்குத் தூங்குற நேரம், காலைல இன்டர்வியூ. எழுப்பி என்ன ஆகப்போகுது? நானே பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். முடிஞ்சவரைக்கும் சுட்டேன், ஒருத்தன விழுத்தாட்டுனேன். அப்புறம் என்னைக் கொன்னுட்டாங்க. நான் கடற்கரைலருந்து ஓடிவந்து பாத்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. பின் செவுத்துல ஒரு ஆள் நுழையிற ஓட்டை. ரெண்டு மாசம் சேத்து வச்சது பூராப் போயிருச்சு. செழியன் உடம்ப மட்டும் விட்டுட்டாங்க. ஆள் விளையாட்ட விட்டுப் போனாலும் உடம்பு அந்தத் தீவுலயே படுத்துத் தூங்கும் சார், அது அந்த விளையாட்டோட சட்டம். ஜன்னலில்லாத நடு ரூம் எங்க இருக்குன்னு அவனுங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியல. வீடுன்னா அப்படிக் கட்டணும்.

அன்னைக்கும் மறுநாளும் நான் இந்தச் சேர விட்டு எந்திரிக்கல. கல் உடைச்சேன், உடைச்சேன், உடைச்சேன். செவுத்த அடைச்சேன். தகடு அடிச்சேன். வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கிட்டேன். பெட்டிங்க காலியாத்தான் இருந்துச்சு, அதுக்கென்ன, நம்பர் எங்கிட்டதான இருக்கு.

மறுநாள் விடியக்காலம் குரூப்புல செழியன் போட்டான். 'இன்டர்வியூ முடிஞ்சுதுண்ணே, அசதியா இருக்கு, நாளைக்கு வர்றேன். வீட்ல எல்லாம் ஓகேவா?'

'எல்லாம் நல்லாருக்கு. நீ உன் வேலையப் பாரு'ன்னு போட்டேன்.

அதுக்கு மறுநாள் வந்தான். வந்தவன் நேரா சாமான் ரூம் வாசல்ல வந்து நின்னான். "அண்ணே, திறங்க"ன்னான். என்ன வேணும் சொல்லு, எடுத்துத் தர்றேன்னு அடிச்சேன். "திறங்கண்ணே"ன்னான். குரலே சரியில்ல. திறந்தேன். ஒவ்வொரு பெட்டியாத் திறந்து பாத்தான். எல்லாம் காலி.

"எப்ப நடந்துச்சு?"

சொன்னேன்.

"ஏன் எங்களைக் கூப்பிடல?"

'உனக்கு இன்டர்வியூ இருந்துச்சுல்ல. தெரிஞ்சா மனசு கெட்டுப்போகும். அதான் சொல்லல'ன்னு அடிச்சேன்.

அவன் என் முன்னாடி வந்து நின்னான். அந்தப் பொம்மை முகத்துல என்ன தெரியும் சார், எல்லாப் பொம்மைக்கும் ஒரே முகம்தான். ஆனா ஹெட்போன்ல அவன் மூச்சு விடுறது கேட்டுச்சு.

"அப்பா?"ன்னான்.

நான் கீபோர்டுலருந்து கைய எடுத்துட்டேன்.

"அப்பா, நீங்கதான? மைக்க ஆன் பண்ணுங்கப்பா."

மைக் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தா, இந்தப் பொத்தான அமுக்கணும், அவ்ளோதான். பேசுனா நான் அழுதுருவேன். அந்தக் குரலக் கேட்டா அப்பாவுக்கு என்னமோன்னு நினைச்சுக்குவான். அதனால அமுக்கல. 'ஆமா, அப்பாதான்'னு அடிச்சேன். 'சாப்டியா'ன்னும் அடிச்சேன்.

திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் அழுதான் சார். அழுதுக்கிட்டே சிரிச்சான். "மூணு மாசமா இங்கதான் இருந்தீங்களா"ன்னு கேட்டான். "பதினொரு தரம் செத்தேன்னு சொன்னீங்களே, அதெல்லாம் நீங்களாப்பா"ன்னான். ஆமான்னேன். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாப்போச்சுன்னே நினைச்சேன். ஊருக்கு வர்றியான்னு கேக்கலாம்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன்.

அதுக்குள்ள அவன் கேட்டுட்டான். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேம்ப்பா. பொய் சொல்லாம சொல்லுங்க. கடைசில அம்மா என்னைத் தேடுனாங்களா?"

டைப் பண்ணுனத அழிச்சேன். அழிச்சுட்டு, 'இல்ல'ன்னு அடிச்சேன். 'மருந்து மயக்கத்துலயே இருந்தா. யாரையும் தேடல.'

"சரிப்பா"ன்னான். நடு ரூமுக்குப் போயிப் படுத்தான். அவன் பேருக்குப் பக்கத்துல இருந்த பச்சை விளக்கு அணைஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் அவன் வரல.

ஆனா உடம்பு அங்கதான இருந்துச்சு. அந்தத் தீவ அப்பப்ப மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிப்பாங்க, அதுக்குப் பதினொரு நாள் இருந்துச்சு. பதினொரு நாளும் நான் காவல் இருந்தேன். தினம் பட்டாப் பெட்டில கல்லு போடுவேன், விறகு போடுவேன். அவன் படுத்திருந்த ரூமச் சுத்தி இன்னொரு செவுரு எடுத்தேன், அதச் சுத்தி இன்னொண்ணு. யாரும் அவன் கிட்ட வந்துரக் கூடாது. சில நேரம் செவுத்தெல்லாம் விட்டுட்டு அவன் பக்கத்துல சும்மா நிப்பேன். முகங் குப்புறப் படுத்திருப்பான். சின்னப் புள்ளைல இருந்தே அப்படித்தான் படுப்பான். பதினோராம் நாள் காலைல எட்டு மணிக்குத் திரை கருப்பாச்சு, வந்து பாத்தா வெறுங்காடு. மேடும் இல்ல, வீடும் இல்ல.

ஜெரால்டு ஊர்லருந்து திரும்பி வந்து எனக்கு மெசேஜ் போட்டான். அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. 'அண்ணாச்சி, ஐப்பசில அவங்கம்மாவுக்குத் தலைத்திவசம்னு டிக்கெட் போட்டு வச்சிருந்தான். உங்கமேல என்ன கோவம் இருந்தாலும் அம்மாவுக்காகப் போவேம்னு சொல்லிக்கிட்டே இருப்பான். இப்ப அதக் கேன்சல் பண்ணிட்டான். கேட்டா, கடைசில எங்கம்மாகூட என்னைத் தேடலடா, நான் போயி யாருக்கு என்னங்கான். நெசமாவே அந்தம்மா தேடலையா அண்ணாச்சி?'

அவனுக்கு நான் பதில் போடல. குடும்ப விஷயம், ஊரானுக்கு என்ன?

ஆக, ரூம் காலி. அவன் வருவான்னுதான் இத்தனை நாளும் யாருக்கும் விடாம வச்சிருந்தேன். இனி எதுக்குப் பூட்டிப்போடணும்? நீங்க புள்ள குட்டிக்காரர், நல்லா வச்சுக்குவீங்க.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? கேளுங்க, கேக்கலாம். நான் என்ன மறைக்கிற ஆளா?

தேடுனா சார். தேடாம இருப்பாளா? பெத்தவ. ஏழு மாசமும் அவளுக்கு அதே பேச்சுத்தான். ஒரு நிமிஷம் போனத் தாங்க, நான் அழ மாட்டேன், சத்தியமா அழ மாட்டேன், அவன் பேசுறத மட்டும் கேட்டுக்கிறேம்பா. இப்ப வேண்டாம், பரீட்சை முடியட்டும்பேன். கடைசி ஒரு வாரம் சோறு தண்ணி இறங்கல, ஆனா நினைவு நல்லா இருந்துச்சு. மயக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல. அத அவங்கிட்டச் சொல்ல முடியுமா? சொன்னா காலம் பூரா அதையே நினைச்சு நினைச்சுச் சாவான். தேடலன்னா ஒரு நாள் அழுவான், அப்புறம் ஆறிரும்.

அவளுக்கும் நான் குறை வைக்கல. கடைசி நாளு, காலைல, எங் கையப் பிடிச்சுக்கிட்டு, "இப்பவாச்சும் அவனுக்குச் சொல்லுங்க"ன்னா. மனசு கேக்கல சார். "சொல்லிட்டேன் வேணி, பிளேன்ல ஏறிட்டான், வந்துக்கிட்டே இருக்கான், சாயங்காலம் வந்துருவான்"னேன். முகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா? தலை சீவிவிடச் சொன்னா. கட்டிலத் திருப்பிப் போடச் சொன்னா, தெருக் கேட்டு தெரியுற மாதிரி. திருப்பிப் போட்டேன். ஆட்டோச் சத்தம் கேக்குறப்பல்லாம் என்னைப் பாப்பா. நான் இன்னும் நேரம் இருக்கும்மாம்பேன். மூணு மணிவாக்குல சத்தமே இல்லாமப் போயிட்டா. நிம்மதியாத்தான் போனா. கண்ணு மட்டும் கேட்டப் பாத்தபடி திறந்தே இருந்துச்சு. நான்தான் மூடிவிட்டேன்.